ஐந்தாம் அத்தியாயத்தில் என் அம்மா

மேடையில் நின்ற அம்மாவை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் தோளில் கிடந்த பொன்னாடைதான். மஞ்சள் நிறம், கரையில் பளபளவென்று சரிகை. போர்த்தியவர் அவசரப்பட்டதில் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் கட்டையாகவும் தொங்கியது. நீளமான பக்கம் நழுவ நழுவ அம்மா அதை இடது கையால் இழுத்து விட்டுக்கொண்டே, வலது கையில் மினுங்கல் தாள் சுற்றி றிபன் கட்டிய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசைக்குப் பின்னால் நின்று எல்லோரையும் விட உரக்கத் தட்டியவள் நான். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் எங்கள் பணிப்பாளர். நெடுங்காலம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த ஆண்டு, தெருவெல்லாம் உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் பறந்துகொண்டிருந்தபோது, மட்டக்களப்பு நகருக்குள் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியை எடுத்து இளம் ஆட்களுக்குக் கணினியும் ஆங்கிலமும் படிப்பிக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வகுப்பறை, அவர் இருந்து அலுவல் பார்க்க ஒரு கந்தோர் அறை, மின்சாரம் நின்றால் உறுமுகிற ஜெனரேட்டர் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் பணிப்பாளர் அதை ஒரு பெரிய கொம்பனி போலவே நடத்தினார். காலையில் கூட்டம், மாலையில் கூட்டம். இருக்கிற நாலைந்து பேரில் தேநீர் போடுகிற அக்காவும் தன் வாரத்து இலக்கைச் சொல்ல வேண்டும். அவ ஒவ்வொரு வாரமும் "சீனியைக் குறைக்கிறது சேர்" என்று சொல்வா, எங்களால் சிரிப்பை அடக்க முடியாது.

அவருடைய அறையில் ஓர் இரும்பு அலுமாரி நிறையப் புத்தகங்கள். நேரத்தை ஆள்வது, மனிதரை வெல்வது, இலக்கை அடைவது, பயத்தை விரட்டுவது என்று எதை எடுத்தாலும் ஏதோ ஒன்றை எப்படிச் செய்வது என்றுதான் இருக்கும். சில இந்தியாவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், மற்றவை ஆங்கிலம். எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவது போல மண்ணிறத் தாளில் உறை போட்டு வைத்திருப்பார். வாசிக்கக் கேட்டால் மறுக்கமாட்டார். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும், அதிலிருந்து என்ன படித்தாய் என்று அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வந்தாலும் அது புத்தகத்தில் உள்ளபடிதான் வரும். முதலில் பாராட்டுவார், பிறகு குறையைச் சொல்வார், கடைசியில் மறுபடியும் பாராட்டுவார். அதனால் அவர் பாராட்டத் தொடங்கினாலே என்ன பிழை விட்டோம் என்று நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம்.

நான் அங்கே முதலில் மாணவியாகப் போனேன், பிறகு தட்டச்சு செய்பவளாக ஆனேன். உயர்தரப் பரீட்சையில் கோட்டைவிட்டு, வீட்டில் மூலையில் கிடந்த காலம் அது. அலுமாரியில் இருந்த புத்தகங்களை நான் ஒவ்வொன்றாக விழுங்கினேன். வெள்ளாப்பில் எழும்பினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, நான் முக்கியமானவள், என்னால் ஏலும் என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஆரோட புள்ள கதைக்கிறாய்?" என்று கேட்பார். ஆளைக் கண்டால் கண்ணைப் பார்த்து அழுத்தமாகக் கைகுலுக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் சொன்னது. அடையாள அட்டைக் காரியமாகப் போன இடத்தில் கிராம சேவகருக்கு நான் கையை நீட்ட, மனிசன் என்னையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு பேனையை எடுத்துக் கையில் வைத்தார். இதெல்லாம் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வீடு கல்லடிப் பாலத்துக்கு அப்பால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடந்த மணல் நிலத்தில் இருந்தது. அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே நெஞ்சு நோவில் போய்விட்டார். அம்மா இடியப்பம் அவித்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்து என்னையும் தங்கச்சியையும் வளர்த்தார். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உயர்தர வகுப்பு மாணவி. தங்கச்சி என்னிலும் மூன்று வயது இளையவள். நல்ல கெட்டிக்காரி. அவள் வாயைத் திறந்து பாடினால் தெருவால் போகிறவர்கள் வேலிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அவளுக்குப் பக்கத்தில் நான் எப்போதும் இரண்டாவது ஆள்தான். அதில் எனக்குப் பொறாமையும் இல்லை, பழகிவிட்டது.

ஆட்கள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டதும் அம்மா எங்கள் இருவரையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு வாவிப் பக்கமாக ஓடினார். அரைவாசித் தூரம் போயிருக்கமாட்டோம், தண்ணீர் எங்களை முதுகில் அடித்துத் தூக்கியது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும், மூக்குக்குள் மணலும், என் மணிக்கட்டில் அம்மாவின் பிடியும்தான். ஒரு கட்டத்தில் அந்தப் பிடி இரண்டு கையாக மாறியது. அம்மாவின் மற்றக் கையும் வந்து என்னைப் பற்றிக்கொண்டது. அதை நான் நன்றாக உணர்ந்தேன். வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் நாங்கள் சிக்கிக் கிடந்தபோது அம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். தங்கச்சியை அன்றைக்குப் பின்னேரம் கொண்டு வந்தார்கள்.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் பாயில் கிடந்துகொண்டு நான் அந்த இரண்டாவது கையைப் பற்றியே யோசித்தேன். அது எங்கிருந்து வந்தது? தங்கச்சியைப் பிடித்திருந்த கை அது. அப்படியானால் அம்மா அவளை விட்டுவிட்டு என்னை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். வேறு எப்படி இருக்க முடியும்? அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், பாட்டுக்காரி போய் இது மிஞ்சியிருக்கிறதே என்ற நினைப்பு இருந்ததாக எனக்குப் பட்டது. அவர்கள் அப்படி நினைத்தார்களோ இல்லையோ, நான் நினைத்தேன். சாப்பிடும்போது, சிரிக்கும்போது, புதுச் சட்டை போடும்போது, எல்லா நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

பணிப்பாளரிடம் இதைச் சொன்னது ஒரு பயிற்சி வகுப்பில். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஷெல் சத்தத்துக்கு எங்கள் மாடி யன்னல்கள் அதிரும். சனங்கள் உழவு இயந்திரங்களில் சட்டிபானைகளோடு வந்து பள்ளிக்கூடங்களில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்புக்கு அரைவாசிப் பேர்தான் வந்திருந்தார்கள். அப்படியிருந்தும் பணிப்பாளர் வகுப்பை நிறுத்தவில்லை. வாழ்க்கையைத் திருப்பிய ஒரு முடிவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னார். வெளிநாடு போக மறுத்தது, படிப்பை விட்டது என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும் எனக்கே தெரியாமல் வாயில் இருந்து வந்துவிட்டது. "அம்மா தங்கச்சிய விட்டுட்டு என்னப் பிடிச்சா சேர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் எடுத்தார். பிறகு சொன்னார்: "பிள்ள, ரெண்டு பேரையும் பிடிச்சிரிந்தா மூண்டு பேரும் போயிரிப்பீங்க. உங்கட அம்மா அந்த இடத்தில ஒரு முடிவெடுத்தா. ஆரைக் காப்பாத்த ஏலுமோ அவரைத் தெரிஞ்செடுத்தா. பெரிய கொம்பனிய நடத்திறவனுக்கும் அப்பிடி ஒரு முடிவெடுக்க வராது. நீங்க தப்பிப் பிழைச்சவ இல்ல, தெரிஞ்செடுக்கப்பட்டவ."

அந்த வார்த்தை எனக்கு என்ன செய்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. கடல் வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் முதல்தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். நான் மிஞ்சிய ஆள் இல்லை. என்னை ஒருவர் பார்த்து, எடைபோட்டு, இவள் வேண்டும் என்று எடுத்திருக்கிறார். அப்படியென்றால் அதற்குத் தகுந்தவளாக நடக்க வேண்டும், அவ்வளவுதானே. புத்தகங்கள் அதற்கு வழி சொல்லின. நான் விடியமுன் எழும்பியதும் கண்ணாடியோடு கதைத்ததும் கைகுலுக்கித் திரிந்ததும் எல்லாம் இதற்காகத்தான். பணிப்பாளர் மீது எனக்கிருந்தது வெறும் மரியாதை இல்லை. என் உயிருக்கு ஒரு காரணம் சொல்லித் தந்த மனிதர் அவர்.

போர் முடிந்த ஆண்டில் அவர் தன் புத்தகத்தை எழுதத் தொடங்கினார். தன் சனத்துக்கு ஒரு முகாமைத்துவப் புத்தகம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "அமெரிக்காவில ஒருத்தன் கார் வித்த கதை நமக்கு என்னத்துக்கு பிள்ள? நம்மட சனத்துக்குக் கதை இல்லையா?" என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் அடித்தேன். ஏற்றுமதிக்கு நண்டு அனுப்பும் மீனவர் ஒருவர், காட்டுக்குள் அகப்பட்ட வயலை மீட்டெடுத்த போடியார் ஒருவர் என்று ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் ஆளின் கதையோடு தொடங்கும், பாடத்தோடு முடியும். ஐந்தாம் அத்தியாயம் முதன்மை கொடுப்பது பற்றியது. அதில் ஒரு தாய் வந்தா. பெயர் இல்லை, ஊர் இல்லை. இரண்டு பிள்ளைகளில் நீந்தக்கூடிய வயதுக்காரியைக் கணக்குப் பார்த்து இரண்டு கையாலும் பிடித்துக் காப்பாற்றிய தாய். எனக்கு நீந்தவே தெரியாது. அதை நான் அவருக்குச் சொல்லவும் இல்லை. கதை நன்றாக இருந்தது. அந்தப் பக்கங்களை அடிக்கும்போது என் விரல்கள் ஓட்டமாக ஓடின.

வெளியீட்டு விழாவுக்கு அம்மாவை அழைத்து மேடையில் சிறப்புப் பிரதி கொடுப்பது பணிப்பாளரின் எண்ணம். எங்கள் பக்கத்து நூல் வெளியீடுகளில் முதற்பிரதியை வசதியான ஒருவர் பணம் வைத்த உறை ஒன்றைக் கொடுத்து வாங்குவார், பிறகு ஊர்ப் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைத்துச் சிறப்புப் பிரதி கொடுப்பார்கள். அந்த வரிசையில் இடியப்பம் அவிக்கும் ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தது அவர் செய்த பெரிய மரியாதை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மாவிடம் நான், உங்களைப் பற்றியும் புத்தகத்தில் நல்லதாக எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அம்மா தன் சேலைகளில் நல்லதை எடுத்துத் தோய்த்து மடித்து வைத்தார்.

விழாவில் நயவுரை செய்தவர் ஓர் ஓய்வுபெற்ற அதிபர். நல்ல குரல். அவர் வேறெந்த அத்தியாயத்தையும் தொடாமல் நேரே ஐந்தாவதுக்குப் போனார். தண்ணீரை விவரித்தார், இரண்டு பிள்ளைகளை விவரித்தார், ஒரு கை விடுபட்டதை விவரித்தார். "இதோ, அந்தத் தாய் இந்த மேடையிலேயே இருக்கிறார்" என்று முடித்தபோது மண்டபம் கைதட்டத் தொடங்கியது. மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கரையோரத்துச் சனம். பிள்ளையைக் கொடுத்தவர்கள், தாயைக் கொடுத்தவர்கள். வன்னியில் இருந்து இன்னும் தகவல் வராத மகனுக்காகக் காத்திருப்பவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால்தான் அம்மா பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். பணிப்பாளர் ஒலிவாங்கியைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அம்மா மண்டபத்தைப் பார்த்தார். பிறகு நான் நின்ற பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் வணக்கம். என்ட மகள் சேரிட கந்தோரிலதான் வேல செய்யிறா. சேருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார்.

அன்று ஓட்டோவில் வீடு வரும்போது அம்மா பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். களைப்பு என்று நினைத்தேன். அந்தப் புத்தகத்தை அவர் பிரித்ததைக் கண்டதில்லை. அதற்குப் பிறகு, கடலில் வீடு இழந்தவர்களுக்குக் கட்டித் தந்த எங்கள் வீட்டுத்திட்டத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. தண்ணீர்க் குழாயடியில் அம்மா போனால் பேச்சு நின்றது. வழக்கமாகப் பின்னேரம் வந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போகும் ஒரு பெரியம்மா வரவில்லை. யாரோ ஒருத்தி அம்மாவுக்குக் கேட்கவே, பெத்தவளுக்கு அப்படிக் கணக்குப் பார்க்க வருமா என்று சொல்லியிருக்கிறாள். இது எதையும் அம்மா எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கண் இருந்தது, காது இருந்தது. ஆனால் புத்தகம் சொல்லியிருந்தது, உயருகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது உலக இயல்பு என்று. நான் அதையே நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

அந்த மார்கழியில் நினைவு நாளுக்கு வழக்கம் போல் நானும் அம்மாவும் கடற்கரைக்குப் போனோம். ஊதுபத்தி கொளுத்திப் பூ வைத்து முடித்தபோது, எங்கள் பழைய தெருவில் இருந்த ஒரு பெண் அம்மாவிடம் வந்தா. அவவுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள், இரண்டும் போய்விட்டன. சண்டை பிடிக்கத்தான் வருகிறா என்று நினைத்தேன். அவ சண்டை பிடிக்கவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, படிக்க வந்த பிள்ளையைப் போலக் கேட்டா.

"எப்பிடிகா தெரிஞ்செடுத்தாய்? என்ட கையிலயும் ரெண்டு பேர் இரிந்தாங்க. எனக்கு அப்பிடி யோசிக்க வரல்லயே. புத்தகத்தில இரிக்கிற மாதிரி யோசிச்சிரிந்தா ஒருத்தனாச்சும் மிஞ்சியிரிப்பானே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேடையில் பார்த்த அதே மாதிரி. பிறகு அவவின் பக்கம் திரும்பி, அவவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் யோசிக்கல்லகா. ரெண்டு பேரிட கையும் என்ட கையில இரிந்திச்சு, மறுகா ஒரு கை வெறுமையாப் போயிட்டு. அந்தக் கையையும் கொண்டு வந்து மற்றதப் பிடிச்சன். ஆரைப் பிடிச்சிரிக்கன் எண்டும் எனக்குத் தெரியா. கண்டலுக்க வந்து முகத்தப் பாத்தாப் பிறகுதான் தெரியும். நீ ஒண்டும் பிழை விடல்லகா."

அந்தப் பெண் அப்படியே மணலில் இருந்து அழுதா. அம்மா பக்கத்தில் இருந்து அவவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஊதுபத்திப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குள் என்ன நடந்தது என்று நேராகச் சொல்வதென்றால், அந்தப் பெண்ணுக்காக நான் வருந்தவில்லை. அம்மாவுக்காகவும் இல்லை. என்னை ஒருவரும் தெரிந்தெடுக்கவில்லை என்பதுதான் முதலில் வந்து அடித்தது. ஒரு தாய் அப்படி இருந்து ஒருத்தியைத் தேற்றுகிற நேரத்தில் எனக்கு என்னைப் பற்றிய நினைப்பு. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றியதும் அம்மா அடுத்த நாள் இடியப்பத்துக்கு மா அரிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். "அப்ப அண்டைக்கு மைக்கில ஏன் சொல்லல்ல? ஊரெல்லாம் உங்கள என்னமோ சொல்லுதே" என்றேன். குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது. அம்மா அரிதட்டை நிறுத்தவில்லை.

"அண்டைக்கு உன்ட முகத்தப் பாத்தன். தங்கச்சி போனாப் பிறகு நீ அப்பிடி நிமிந்து நிண்டத நான் காணல்ல. நான் தெரிஞ்சுதான் உன்னப் பிடிச்சன் எண்டு நினைச்சிரிக்கிறாய் எண்டு அந்த மனிசன் பேசக்கதான் எனக்கு விளங்கினது. அது உனக்கு நல்லமா இரிந்தா இரிக்கட்டும் எண்டு விட்டன். சனம் என்னத்தையும் சொல்லட்டும். அதுகள் சொல்லி எனக்கு என்ன குறையப் போகுது?"

பிறகு மாவைத் தட்டிக்கொண்டே, "இண்டைக்கு அவட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு. அதான் சொல்லிட்டன். நீ குறை நினைக்காத புள்ள" என்றார். குறை நினைக்க வேண்டாம் என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

பணிப்பாளரிடம் நான் அடுத்த வாரமே சொன்னேன். கோபமாகச் சொல்ல நினைத்துப் போனவளுக்கு அழுகைதான் வந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அப்ப அந்தக் கதையிட பாடம் என்ன பிள்ள?" என்று கேட்டார். அவர் அதை உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். "பாடம் இல்ல சேர்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். விற்காமல் கிடந்த பிரதிகளின் கட்டை அவிழ்த்து, மேசை லாச்சியில் இருந்து இரண்டு சவர அலகுகளை எடுத்தார். அன்று பகல் முழுக்க நானும் அவரும் எதிரெதிரே இருந்து ஒவ்வொரு பிரதியாக ஐந்தாம் அத்தியாயத்தை வெட்டி எடுத்தோம். உறை போட்டுப் புத்தகத்தைப் பேணுகிற மனிதர் அவர். ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் முகம் சுருங்கியது. அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அம்மாவால் அதைத் தாங்க முடியாது என்று சொன்னேன். தாங்க முடியாதவள் நான்தான்.

பணிப்பாளர் இப்போது இல்லை. நிலையம் இருந்த மாடியில் ஒரு கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளையில் உதவி முகாமையாளராக இருக்கிறேன். அந்த அலுமாரிப் புத்தகங்கள் சொல்லித் தந்த பல காரியங்கள் எனக்கு உதவியிருக்கின்றன, அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவள் ஆவேன். வெட்டாமல் போன பிரதிகள் மட்டும் எங்கள் கையை விட்டுப் போய்விட்டன. அவற்றில் இருந்து ஐந்தாம் அத்தியாயத்துத் தாய் எப்படியோ வெளியே வந்து உலாவத் தொடங்கிவிட்டா. ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது ஒருவர் அவவின் கதையைக் கும்பிடுகிற கைகளின் படத்தோடு வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறார். ஒருமுறை அம்மாவின் தொலைபேசிக்கும் வந்தது. அம்மா வாசித்துவிட்டு என்னிடம் காட்டினார்.

போன மாதம் எங்கள் நிறுவனம் பாசிக்குடாவில் ஒரு விடுதியில் முகாமையாளர்களுக்குப் பயிற்சி வைத்தது. கொழும்பில் இருந்து வந்த பயிற்சியாளர் நல்ல பேச்சுக்காரர். முதன்மை கொடுப்பது பற்றிப் பேசும்போது அவர் விளக்குகளைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஒரு கதை சொன்னார். மலைநாட்டில் ஒரு வெள்ளம். ஒரு தாய், இரண்டு ஆண் பிள்ளைகள். குடும்பத்தைத் தாங்கக்கூடியவன் மூத்தவன்தான் என்று அந்தத் தாய் ஒரு நொடியில் கணக்குப் போட்டு அவனை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். கடல் போய் ஆறாகிவிட்டது, நாங்கள் போய்ப் பொடியன்கள் ஆகிவிட்டோம். இரண்டு கை மட்டும் மாறவில்லை. எழும்பி, ஐயா, அது அப்படி இல்லை என்று சொல்வதற்கு எனக்கு வாய் இருந்தது. பக்கத்துக் கதிரைகளில் எல்லோரும் கைதட்டினார்கள். என் கையும் சேர்ந்து தட்டியது.

வீட்டுக்கு வரப் பொழுது பட்டுவிட்டது. அம்மா குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இப்போது கடைகளுக்கு அவிப்பதில்லை, எங்கள் இருவருக்கும் மட்டும்தான். பையை வைத்துவிட்டு நான் வாசற்படியில் இருந்தேன். இன்றைக்கு என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டார். வழக்கமானதுதான் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்மட கதையச் சொன்னவனா?"

"ஓம்" என்றேன்.

"இந்த முறை ஆரைப் பிடிச்சனாம்?"

மூத்ததை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"சின்னவள" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. துருவிய பாதித் தேங்காய் அவர் உள்ளங்கையில் இருந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமல், "நல்லம்" என்றார். பிறகு மிச்சத்தையும் துருவி முடித்தார்.